டால்ஸ்டாய் ஒளித்துவைத்த நாவல்

சென்ற மாதம் ஒரே தபாலில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று என் பதிப்பாளருடையது. என் முதல் நாவலின் பிரதிகள் தீர்ந்துவிட்டன, மறுபதிப்புக்கு ஏற்பாடு செய்கிறேன், திருத்தம் ஏதாவது இருந்தால் உடனே செய்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். மற்றொன்று ஒரு வாசகியுடையது. இருபது வருஷமாக என் எழுத்தைப் படித்து வருகிறவர். முகஸ்துதியும் இல்லை, வசையும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். "அந்த முதல் நாவலை எழுதியவர் எங்கே போனார்?"

முதல் கடிதத்துக்குப் பணிந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதாவது பக்கம் வருவதற்குள் நான் ஆசிரியன் என்ற ஸ்தானத்திலிருந்து இறங்கி, குற்றம் சாட்டும் வக்கீலாகிவிட்டேன். எத்தனை கண்ணீர், எத்தனை ஆச்சரியக்குறிகள்! கதாநாயகி பேசுகிற இடங்களிலெல்லாம் பின்னால் வீணை வாசிப்பதுபோல ஒரு நடை. அடித்துக்கொண்டே போனேன். இரண்டாவது கடிதத்தை நினைத்தபோது கோபம் வந்தது. இருபத்தைந்து வயதில் எழுதியதையே நாற்பத்தைந்திலும் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? மனிதன் மாறக் கூடாதா?

பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மாள் யாரைத் தேடுகிறாரோ அந்த ஆளைத்தான் நான் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குழப்பத்தில் டால்ஸ்டாயிடம் போனேன். எழுத்தாளன் மாறுவது என்ற பேச்சு வந்தால் உலகம் முழுவதும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் நாட்டில் இன்னும் அதிகம். காந்தியடிகள் 1910-ல் தென்னாப்பிரிக்காவில் நிறுவிய பண்ணைக்கே அவர் பெயரை வைத்தார். நாவலாசிரியர் டால்ஸ்டாயைப் படிக்காத வீட்டிலும் மகாத்மா டால்ஸ்டாயைத் தெரியும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'போரும் வாழ்வும்' 1869-ல் முடிந்தது. 'அன்னா கரீனினா' 1877-ல் முடிந்தது. பெரிய பண்ணை, புகழ், மனைவி, குழந்தைகள் எல்லாம் இருந்தன. ஐம்பது வயதை நெருங்கும்போது, 'இதெல்லாம் எதற்கு?' என்ற கேள்வி அவர் கழுத்தைப் பிடித்தது. தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்று கயிற்றை ஒளித்துவைக்கும் அளவுக்குப் போயிற்று. அந்த அவஸ்தையை 'என் ஒப்புதல் வாக்குமூலம்' என்று எழுதினார். தணிக்கை அதிகாரிகள் ருஷ்யாவில் அதைத் தடுத்தார்கள். அதன் பிறகு வேறு மனிதராகிவிட்டதாக உலகத்துக்கே அறிவித்தார். புலால் விட்டார், புகை விட்டார், குடியானவர் சட்டை போட்டார், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். 1881-க்குப் பிறகு எழுதிய நூல்களின் பதிப்புரிமையை 1891-ல் பொதுவில் விட்டுவிட்டார்.

அவர் தைத்த பூட்ஸைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. மருமகன் ஒருவர், மாமனார் தைத்துக் கொடுத்த ஜோடியைக் காலில் போட மனமில்லாமல், பன்னிரண்டு தொகுதிகளாக வந்திருந்த அவர் நூல்களின் பக்கத்தில் அலமாரியில் வைத்து, 'பதின்மூன்றாம் தொகுதி' என்று சீட்டு ஒட்டிவிட்டாராம். அந்த மருமகன் நல்ல விமரிசகர் என்பது என் அபிப்பிராயம்.

துர்கனேவ் சிரிக்கவில்லை. 1883-ல் மரணப் படுக்கையில் கிடந்தபடி, இலக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று டால்ஸ்டாய்க்குக் கெஞ்சி எழுதினார். பல வருஷம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நண்பர் அவர். டால்ஸ்டாய் திரும்பவில்லை. 1898-ல் 'கலை என்பது என்ன?' என்ற நூல் முழுமையாக வெளிவந்தபோது, ஷேக்ஸ்பியரையும் பீதோவனையும் இறக்கியதோடு, தம் பெரிய நாவல்களையும் கெட்ட கலை என்று தள்ளினார். தேறியவை இரண்டே சிறுகதைகள்: கடவுள் உண்மையைக் காண்கிறார், ஆனால் காத்திருக்கிறார் என்ற கருத்துள்ள ஒன்று, 'காகசஸ் கைதி' மற்றொன்று.

அவர் கையிலும் சிவப்புப் பென்சில் இருந்தது! என்னுடையதைவிடப் பெரிய பென்சில். அன்னாவையே அடித்துவிட்டது.

இந்தப் பிரகடனத்தைக் கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். அந்த மாற்றம் இல்லாவிட்டால் 1886-ல் 'இவான் இலியிச்சின் மரணம்' எழுதப்பட்டிருக்காது. ஆனால் பிரகடனம் செய்த மாற்றத்தில் ஒரு தொல்லை உண்டு. நான் மாறிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அதை எல்லோருக்கும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'புத்துயிர்ப்பு' நாவலைப் பாருங்கள். 1899-ல் வந்தது. மத விஷயத்தில் அரசாங்கத்தின் துன்பத்துக்கு ஆளான துக்கோபார் மக்கள் கனடாவுக்குக் கப்பல் ஏறப் பணம் வேண்டும் என்பதற்காக முடித்துக் கொடுத்தது. அந்த எண்ணத்தை வணங்குகிறேன். நாவலில் கத்யூஷா உயிரோடு இருக்கிறாள். கோர்ட்டில் அவள் நிற்கிற நிலை, சற்றே மாறுகண்ணுள்ள அந்தப் பார்வை எதையும் மறக்க முடியாது. அவளைக் கெடுத்த நெஹ்லூதவ் பிரபுவோ, நான் மாறுகிறேன், மாறுகிறேன் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் நம்மிடம் சொல்லிக்கொண்டு வருகிறார். கடைசியில் பைபிளைத் திறக்கிறார், எல்லாம் தெளிந்துவிடுகிறது. அவருக்குத் தெளிந்தது, எனக்குத் தெளியவில்லை. ஒரு மனிதன் மாறினான் என்பதற்கு அவன் வாக்குமூலம் மட்டும் சாட்சியாக இருந்தால், வாசகன் மனசில் ஒரு நெருடல் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த நெருடல் அவர் வீட்டிலும் இருந்தது. சோபியா அம்மையார் பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றவர். 'போரும் வாழ்வும்' கைப்பிரதியைத் திரும்பத் திரும்பப் பெயர்த்து எழுதியவர். கணவர் சொத்து பாவம் என்று கண்டுகொண்ட அன்றைக்கும் மறுநாளைக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டியவர் அவர்தானே? மகான்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கடுமை காட்டுகிறார்கள். நான் அவர் கட்சி. இதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்குள் நுழைய எனக்கு விருப்பம் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு மாற்றம். அதை அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. அறிவிக்காததோடு, அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

1851-ல் டால்ஸ்டாய்க்கு வயது இருபத்துமூன்று. சீட்டாட்டத்தில் பணத்தைத் தோற்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், ராணுவத்திலிருந்த மூத்த அண்ணனோடு காகசஸ் மலைநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே மலைவாழ் முஸ்லிம்களுக்கும் ருஷ்யச் சக்கரவர்த்தியின் சைன்யத்துக்கும் பல வருஷமாகப் போர். மலையாளிகளின் தலைவர் ஷாமில். (மலைநாட்டார் என்று படியுங்கள், கேரள நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.) அவருக்கு அடுத்தபடியாகப் பெயர்பெற்ற வீரன் ஹாஜி முராத். இருவருக்கும் பகை முற்றி, ஹாஜி முராத் ருஷ்யர் பக்கம் வந்து சரணடைந்துவிட்டான். அந்த டிசம்பரில் டிப்லிஸ் நகரிலிருந்து இன்னோர் அண்ணனான செர்கேய்க்கு எழுதிய கடிதத்தில் டால்ஸ்டாய் இந்தச் செய்தியைச் சொல்கிறார். செச்சினியா முழுவதிலும் முதல் வீரன் என்று பெயரெடுத்தவன் ஒரு கீழான காரியம் செய்துவிட்டான் என்பது அவர் தீர்ப்பு. அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். இருபத்துமூன்று வயதில் தீர்ப்புச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

மறு ஆண்டு வசந்தத்தில் ஹாஜி முராத் ருஷ்யர்களிடமிருந்து தப்பி ஓடப் பார்த்தான். துரத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள், தலையை வெட்டினார்கள்.

நாற்பத்து நான்கு வருஷம் கழிகிறது. 1896 ஜூலையில், அதே அண்ணன் செர்கேயின் கிராமத்தில், கிழவராகிவிட்ட டால்ஸ்டாய் உழுது போட்ட வயல் ஓரமாக நடந்து போகிறார். கரிய மண். எங்கும் ஒரு பச்சை இல்லை. பாதையோரத்தில் ஒரே ஒரு முட்செடி. தாதார் செடி என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்களாம். மூன்று கிளைகளில் இரண்டு ஒடிந்து, சேறு பூசித் தொங்குகின்றன. மூன்றாவதும் புழுதியால் கறுத்திருக்கிறது. ஆனால் உயிர் இருக்கிறது, பூவின் நடுவில் சிவப்பு தெரிகிறது. அதைப் பார்த்ததும் ஹாஜி முராத் நினைவு வந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார்.

இதற்குப் பிறகு எட்டு வருஷம், 1904 வரை, விட்டு விட்டு அந்தக் கதையை எழுதினார். பத்துப் படிகள் வரை மாற்றி மாற்றி எழுதினார். காலத்தைக் கவனியுங்கள். கலை எல்லோருக்கும் எளிதில் புரிய வேண்டும், நல்லொழுக்கத்துக்கு உதவ வேண்டும் என்று உலகத்துக்கு உபதேச நூல் எழுதிய அதே வருஷங்கள். பகலில் சட்டம் இயற்றிவிட்டு, மேஜை இழுப்பறையில் சட்டவிரோதமாக ஒன்றை வைத்திருந்தார்! கேட்டவர்களிடம் அது வெறும் விளையாட்டு என்றார். அவர் ஆயுளில் அது அச்சாகவில்லை. 1910-ல் இறந்தார், 'ஹாஜி முராத்' 1912-ல்தான் வெளிவந்தது. ருஷ்யாவில் தணிக்கைக் கத்தரி பட்டே வந்தது.

எழுபது வயதைத் தாண்டியபின் இதற்காக அவர் எழுதிய சில கடிதங்களை நினைத்தால் எனக்கு மனசு இளகுகிறது. ஹாஜி முராத் கடைசி நாட்களில் தங்கியிருந்த வீட்டு அதிகாரியின் மனைவி அப்போது உயிரோடிருந்தார். அவருக்குக் கேள்விகள் அனுப்புகிறார். அவன் கொஞ்சமாவது ருஷ்ய மொழி பேசுவானா? தப்பி ஓடிய குதிரைகள் யாருடையவை, என்ன நிறம்? அவன் நொண்டியது பார்த்த மாத்திரத்தில் தெரியுமா? தொழுகையை ஒழுங்காகச் செய்வானா? இருபத்துமூன்று வயதில் அவன் கீழான காரியம் செய்தவன் என்று தெரிந்திருந்தது. இப்போது அவன் குதிரையின் நிறம்கூடத் தெரியவில்லை, கேட்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சி என்ற வார்த்தைக்கு நான் அறிந்த அளவில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

புத்தகம் சின்னது. இருபத்தைந்து அத்தியாயங்கள், நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். பட்டம் வாங்குகிற அளவுக்குப் படித்தவன் அல்ல நான். ருஷ்ய மொழியும் தெரியாது. ஆங்கிலத்தில்தான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும் ஒரு சிப்பாயின் சாவில் நின்றுவிட்டேன்.

அவன் பெயர் அவ்தேயெவ். காட்டு ஓரத்தில் ஓர் அற்பத் துப்பாக்கிச் சண்டையில் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் சாகிறான். அடுத்த அத்தியாயம் அவனுடைய கிராமத்தில். கிழத் தகப்பன் களத்தில் ஓட்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறான். குழந்தை குட்டியுள்ள அண்ணனுக்குப் பதிலாகத் தான் பட்டாளத்துக்குப் போன பிள்ளை அவ்தேயெவ். வீட்டில் தங்கிவிட்ட அண்ணன் அவன் அளவுக்கு உழைப்பாளி அல்ல என்று தகப்பனுக்கு உள்ளூர எரிச்சல். தாய் ஒரு ரூபிள் வைத்துக் கடிதம் அனுப்பச் செய்கிறாள். ரூபிளும் கடிதமும் திரும்பி வருகின்றன. சக்கரவர்த்திக்காகவும் தாய்நாட்டுக்காகவும் மதத்துக்காகவும் போரில் மாண்டான் என்ற செய்தியோடு. தாய் அழுகிறாள், அழ நேரம் கிடைத்தவரை அழுதுவிட்டு வேலையைப் பார்க்கிறாள். மனைவியும் ஓலமிடுகிறாள், ஆனால் உள்ளே அவளுக்கு நிம்மதி. அவள் வேறொருவனால் கர்ப்பமாக இருக்கிறாள். அவளை இதற்காக ஒரு சொல் கண்டிக்கவில்லை ஆசிரியர். அன்னாவை ரயிலடியில் தள்ளியவர் இவர். 'கிராய்ட்சர் சொனாட்டா'வில் தாம்பத்தியத்தையே கூண்டில் ஏற்றியவர். அவர் இந்தக் குடியானவப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்.

அந்தச் சண்டையைப் பற்றிய சர்க்கார் அறிக்கையையும் ஒரு பத்தியில் கொடுக்கிறார். அதன்படி எதிரிகள் பெரும் படையாக வந்து தாக்கினார்கள், சுமார் நூறு பேர் அவர்கள் பக்கம் சேதம். நடந்தது என்ன என்று நாம்தான் பார்த்தோமே! சரித்திரம் எப்படிப் பொய்யாக எழுதப்படுகிறது என்பது அவருடைய பழைய விஷயம். 'போரும் வாழ்வும்' முடிவில் இதைப்பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடினார்; முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறோம் என்பதை நாம் நமக்குள் ஒப்புக்கொள்ளலாம். இங்கே வாதமே இல்லை. அறிக்கையை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

என்னை அதிகமாகப் பாதித்தவன் வேறொருவன். புட்லர் என்ற இளம் அதிகாரி. சீட்டாடித் தோற்றுவிட்டு, இனித் தொடுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு காகசஸுக்கு வந்தவன். அங்கும் ஆடித் தோற்கிறான். நல்லவன், உற்சாகி. மலையும் குதிரையும் துப்பாக்கியும் அவனுக்கு ஒரு காவியம். அந்தக் காவியம் கெடக்கூடாது என்று செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலையில் அவன் படை ஒரு மலைக்கிராமத்தைக் கொளுத்திவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிறது. அவனுக்குச் சந்தோஷம். அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் சில பக்கங்களே. அந்தக் கிராமத்தார் திரும்பி வந்து பார்க்கிறார்கள். கதையின் தொடக்கத்தில் ஹாஜி முராத்துக்கு இடம் கொடுத்த சாதோவின் பிள்ளையை முதுகில் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் போட்டிருக்கிறார்கள். பழமரங்களை ஒடித்து, தேன்கூடுகளை எரித்து, ஊற்றையும் பள்ளிவாசலையும் அசிங்கப்படுத்தியிருக்கிறார்கள். அந்த மக்களுக்கு ருஷ்யர்கள்மீது பகைகூட இல்லை. இவர்கள் மனிதர்களா என்று புரியாத ஒரு திகைப்பும் அருவருப்பும்தான்.

புட்லர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீட்டாட்டம், காகசஸ், இளம் உற்சாகம் எல்லாம் இருபத்துமூன்று வயது டால்ஸ்டாய்தான். முந்தின நாவல்களில் ஆசிரியரின் சாயல் உள்ள பாத்திரம் எப்போதும் நடுவில் நிற்கும். பியர், லெவின், நெஹ்லூதவ் எல்லோரும் யோசித்து, தவித்து, விடை காண்பவர்கள். இந்தக் கதையில் அவர் தம்மை ஓரத்தில் ஒரு சின்ன அதிகாரியாக வைத்துவிட்டார். புட்லர் மனம் திருந்தவில்லை. ஞானமும் பெறவில்லை. ஆசிரியர் அவனைத் திட்டவும் இல்லை. 'ஒப்புதல் வாக்குமூல'த்தில் தம் இளமையைப் பாவம் பாவம் என்று அடித்தாரே, அதே இளமையை இங்கே பாட விட்டிருக்கிறார். எரிந்த கிராமத்தை அடுத்த அத்தியாயத்தில் வைத்துவிட்டார், அவ்வளவே.

ஹாஜி முராத்தையும் அவர் புனிதனாக்கவில்லை. ஷாமிலிடம் சிக்கிய தாயையும் மகனையும் மீட்க ருஷ்யர் உதவுவார்கள் என்று காத்துக் காத்துப் பார்க்கிறான். பிறகு தானே போவதென்று தப்பி ஓடுகிறான். ஓடும்போது காவலுக்கு வந்த கொஸாக் இளைஞன் நஸாரவ் சாகிறான். அவன் ஏழை வீட்டுப் பிள்ளை, நல்ல பிள்ளை என்பதை நமக்குச் சொல்லிவிட்டுத்தான் சாகடிக்கிறார். யார் செய்தது கீழான காரியம்? கடிதத்தில் சொன்ன அந்த வார்த்தையை எங்கே பொருத்துவது என்று தேடினேன், இடம் கிடைக்கவில்லை.

ஓர் அத்தியாயத்தில் மட்டும் கிழவர் தடியை எடுத்துவிடுகிறார். சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் வருகிற அத்தியாயம். ஒரு போலந்து மாணவனை ஆயிரம் பேர் வரிசைக்கு நடுவே பன்னிரண்டு முறை நடத்தி அடிக்கச் சொல்லிவிட்டு, நம் நாட்டில் மரண தண்டனை கிடையாது என்று பெருமைப்படுகிறார் அந்த மனிதர். அற்புதமான அத்தியாயம்தான், ஆனால் வெறுப்பில் எழுதியது தெரிகிறது. இதைக் குறையென்று சொல்ல வந்தேன். அதற்குள் இன்னொரு யோசனை. ராஜாங்கத்தின்மீது இந்த வெறுப்பும், அவ்தேயெவின் களத்துமேட்டை இத்தனை அருகிலிருந்து பார்க்கிற கண்ணும் எங்கிருந்து வந்தன? குடியானவர் சட்டை போட்டுக்கொண்ட அந்தப் பிற்கால டால்ஸ்டாயிடமிருந்துதானே? ஆகையால், பிரகடனம் செய்த மாற்றம் பொய், ஒளித்துவைத்த மாற்றம் மெய் என்று நான் பிரித்துவைத்த கணக்கு முழுசாக நிற்கவில்லை. நிற்காவிட்டால் போகட்டும். பூட்ஸ் தைத்த கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

கடைசிச் சண்டையைச் சொல்வதற்கு முன்பே வெட்டின தலையை நமக்குக் காட்டிவிடுகிறார். ஒரு கோணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். புட்லர் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் அவன் எப்படிச் செத்தான் என்ற கதை. முடிவு தெரிந்துவிட்டது, இனி என்ன என்று வாசகன் புத்தகத்தை மூட முடியவில்லை. துப்பாக்கிச் சத்தத்தில் வாயடைத்திருந்த நைட்டிங்கேல் பறவைகள், எல்லாம் ஓய்ந்ததும் மறுபடி பாடத் தொடங்குகின்றன, முதலில் அருகில் ஒன்று, பிறகு தூரத்தில் மற்றவை. தொடர்கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மர்மத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு வாசகனைப் பிடித்து உட்கார வைக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு என் நாவலின் திருத்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடுகள். அதில் ஒரு பையன் வீணைச் சத்தத்தோடு பாடிக்கொண்டே போகிறான்; எதையும் திரும்பிப் பார்க்காதவன். பதிப்பாளருக்கு வேறொரு பிரதியை அனுப்பினேன். அச்சுப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். ஆச்சரியக்குறிகளில்கூடக் கை வைக்கவில்லை. அந்த வாசகிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மறுபதிப்பு வந்ததும் ஒரு பிரதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவரிடம் பழைய பிரதி இருக்கும்தான், இருந்தாலும்.